கையில் ஒரு கம்பி, ஒரே நிமிடத்தில் ‘பிளாக் இல்லை’: உஷார்!

மருத்துவ முகாம் என்று பேனர் கட்டி, மடிக்கணினியும் ஒரு சிறு பெட்டியுமாக யாராவது மேசை போட்டிருக்கிறாரா? “ஊசி வேண்டாம், கதிர்வீச்சு இல்லை, காந்த அலையிலேயே இதயத்தில் அடைப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவோம்” என்கிறாரா? தயவுசெய்து அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். உலோகக் கம்பி ஒன்றைக் கையில் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் கல்லீரல், சிறுநீரகம், இதயம் என்று பக்கம் பக்கமாக அறிக்கை வந்துவிடும். ‘குவாண்டம் மேக்னடிக் ரெசொனன்ஸ் அனலைசர்’ என்ற பெயரில் இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பெட்டி அது. இதயத்தின் காந்தத்தை அது அளப்பதில்லை. அளக்கவும் முடியாது.

இதயத்துக்குக் காந்தப்புலம் இருப்பது உண்மைதான். அந்த உண்மையின் நிழலில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. இதயத் தசையில் ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஆனால் அது பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு பலவீனமானது. தெருவில் போகும் பைக், பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட், ஏன், அந்த மடிக்கணினியே அதை மூழ்கடித்துவிடும்.

1963இல் அமெரிக்காவில் பவுல், மக்ஃபீ என்ற இருவர் முதன்முதலாக இதயத்தின் காந்தத்தைப் பதிவு செய்தார்கள். அதற்கு அவர்களுக்கு லட்சக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருள்கள் தேவைப்பட்டன. பிறகு ‘ஸ்குவிட்’ என்ற உணர்கருவி வந்தது. திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி குளிரில் அது வேலை செய்யும். நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அப்படி ஒரு கருவியை உருவாக்கி, வெளிக்காந்தம் புகாத தனி அறைக்குள் வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். ஹீலியம் தேவைப்படாத உணர்கருவிகளும் இப்போது வந்துவிட்டன. ஈசிஜியில் பிடிபடாத, இதயத் தசையின் ரத்த ஓட்டக் குறைவைக் கண்டுபிடிக்க, காந்தத்தை அளக்கும் இந்த முறை கைகொடுக்கலாம் என்ற நம்பிக்கையை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒன்று: அடைப்பை அது நேராகப் பார்ப்பதில்லை. ரத்தம் போதாத தசையில் மின்னோட்டம் தடுமாறுவதைத்தான் காட்டும். நம் ஊர் மருத்துவமனைகளில் வழக்கமான பரிசோதனையாக அது இன்னும் வரவில்லை. அறைக்குள் வைத்தே இவ்வளவு பாடு என்றால், முகாம் மேசையில் எப்படி நடக்கும்?

பணம் போவதுகூடப் பெரிதல்ல. ‘பிளாக் இல்லை’ என்ற அந்தத் தாளை நம்பி, மாடி ஏறும்போது வரும் நெஞ்சு இறுக்கத்தை “கேஸ்” என்று ஒதுக்கிவிடுவீர்களே, அதுதான் என்னைப் பதறவைக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல்கூட மாரடைப்பு வரலாம்; மூச்சு வாங்குவதும் வியர்த்துக் கொட்டுவதும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தாலும் அடைப்பு இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. எக்கோவா, டிஎம்டியா, சிடி ஆஞ்சியோவா என்பதை உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், குடும்ப வரலாறு எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

களியக்காவிளை தாண்டி சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் செல்லும் குமரி மாவட்டத்து மக்களுக்கும் இதையே சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த நிறுவனம் உருவாக்கிய சித்ரா செயற்கை இதய வால்வுகூட, பல மாதிரிகள் தோற்று, ஆடுகளில் சோதிக்கப்பட்ட பிறகே 1990 டிசம்பரில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. காந்தப் பெட்டிக்காரரிடமும் கேளுங்கள்: எந்த மருத்துவமனையில் சோதித்தீர்கள், ஆஞ்சியோகிராமோடு ஒப்பிட்டீர்களா, அறிக்கையில் எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுகிறார்?

ஏற்கெனவே அந்தத் தாளை வாங்கி வைத்திருந்தால், அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெஞ்சில் அழுத்தம் வந்து சில நிமிடங்களில் தணியவில்லை என்றாலோ, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவினாலோ, நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.