சாளரத்துச் செக்கர்

திருக்கோணமலை நகரின் கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். ஆதலின் இங்கு வாழ்வோர் உதயத்தைக் கடலிலும் அத்தமனத்தைத் துறைமுக நீரிலும் காணும் பேறுடையர். அண்மையில் ஒரு மாலை, அத்தமனத்துக்கு முதுகு காட்டி நின்ற என் மாணாக்கன் ஒருவனை உட்துறைமுக வீதியிற் கண்டேன். கையிலே இரவல் வாங்கிய புகைப்படக் கருவி. புதிதாக எழுந்த மாடிக் கட்டடம் ஒன்றின் கண்ணாடிச் சாளரங்களையே அவன் நோக்கி நின்றான்.

“தம்பி, வானத்தில் மெய்ப்பொருள் இருக்க, கண்ணாடியில் நிழலைத் தேடுவதேன்?” என்றேன்.

“இங்கே வந்து பாருங்கள், ஐயா” என்று தான் நின்ற இடத்தில் என்னை நிறுத்தினான். மறுகணம் என் நெஞ்சு துணுக்குற்றது. மேல்மாடி தீப்பற்றி எரிவதாகவே கண்டேன்.

ஒப்புமையால் ஒன்றை மற்றொன்றாகப் பிறழ உணர்வதை மயக்க அணி என்பர். ஆண்டுதோறும் அதனைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பவன் யான். எனினும், அன்று எனக்கு நேர்ந்தது புலவர் புனையும் மயக்கம் அன்று. 1983 ஆம் ஆண்டு இந்நகரில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது யான் சிறுவன். அந்நாளில் இரவிலே சாளரம் சிவந்தால் அதற்குப் பொருள் ஒன்றே. போர் முடிந்த 2009 இல் கைக்குழந்தையாயிருந்த இம்மாணாக்கனுக்கோ அச்செம்மை வெறும் அழகு.

என் நடுக்கத்தை அறியாது அவன் தன் கலையை விளக்கலானான். கதிரவன் இறங்க இறங்க அதன் பிம்பமும் மாடி மாடியாகக் கீழிறங்கும். நாம் சற்று விலகினால் அது அடுத்த சாளரத்துக்குச் சென்றுவிடும். இவ்வூரில் ஞாயிறு மறையும் இடம் ஆண்டினுள் நேர்மேற்கிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 24 பாகை பெயர்வதால், மார்கழியில் ஒளிரும் சாளரம் ஆனியில் அவ்வாறு ஒளிராது. சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேரே விழும் ஒளியில் ஏறத்தாழ 100 இல் 8 பங்கையே திருப்பியனுப்பும். செக்கர் காட்ட அதுவே போதும்.

“பிம்பம் கண்ணாடியின் மேல் இல்லை, ஐயா. கதிரவன் முன்னே எவ்வளவு தொலைவோ, பிம்பம் கண்ணாடிக்குப் பின்னே அவ்வளவு தொலைவு. ஆகவே, அருகில் நின்று எடுக்கும்போது, வில்லையைக் கதிரவனுக்கு இசைத்தால் சாளரச் சட்டம் மங்கும். சட்டத்துக்கு இசைத்தால் கதிரவன் மங்கும். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.”

அவ்வுரை என்னை நெடுநேரம் பேசாதிருக்கச் செய்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் மனவில்லை தீக்கே இசைந்திருந்தது. சாளரத்தை யான் பார்த்ததே இல்லை.

சிறிது பொழுதில் செம்மை அடங்கியது. வெளியே இருள் பரவ, உள்ளே யாரோ விளக்கேற்றினர். பிம்பம் ஒழிந்த கண்ணாடியினூடே, சிறுமி ஒருத்தி புத்தகம் விரித்து அமர்வது தெரிந்தது. மாணாக்கன் கருவியை உயர்த்தினான். “அது அவர்கள் வீடு, வேண்டா” என்றேன். அவனும் தாழ்த்திக்கொண்டான்.

மறுநாள் வகுப்பில் மயக்க அணிக்கு அச்சாளரத்தையே எடுத்துக்காட்டாகக் கூறினேன். அதனைத் தீயென மயங்கிய காரணத்தையும் கூறினேன். மாணாக்கர் ஓசையின்றிக் கேட்டிருந்தனர். புகைப்படக் கருவி இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஆசிரியனுக்கு அவ்வுரிமை இல்லை.