செம்மஞ்சள் வயிறும் அடைபட்ட வாசலும்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வாழும் ஒரு சிறு பிராணியின் தோலில் இருபத்தையாயிரம் எலிகளைக் கொல்லத்தக்க விஷம் இருப்பதாக எங்கோ படித்த வாசகர் ஒருவர், அத்தனை விஷத்தையும் மேலே பூசிக்கொண்டு திரியும் அப்பிராணி மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று கேட்டெழுதியிருக்கிறார். எலிக் கணக்கைச் செய்தியெழுதுவோருக்கு விட்டுவிடுவோம். எந்த ஊர்ப் பிராணி என்று சொல்லாதவரை அக்கணக்குக்கு அர்த்தம் அதிகமில்லை. கேள்வியின் பிற்பாதிதான் ரஸமானது.

பிராணியின் பெயர் நியூட். பார்வைக்குப் பல்லி, குலத்தால் தவளைக்குச் சுற்றம். பல இனங்களுள் சொரசொரத்த தோலுடைய இந்த இனம், வாலோடு சேர்த்தும் ஒரு சாணைத் தாண்டுவது அபூர்வம். முதுகு ஈரமண்ணின் நிறம், வயிறோ கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள். ஓடித் தப்பும் வேகம் இல்லாத இது, பகை நெருங்கியதும் மோவாயையும் வாலையும் ஒருங்கே உயர்த்தி, முதுகை உள்வளைத்து, கண்களை மூடிக்கொண்டு, அதுவரை மண்ணோடு மறைத்து வைத்திருந்த நிறத்தையெல்லாம் வெளிக்காட்டி அசையாமல் நின்றுவிடும்.

சரித்திரம் இல்லாமல் சிலருக்குத் திருப்தி உண்டாவதில்லை. ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓரிகான் மாநிலத்தில் மூன்று வேட்டைக்காரர்கள் இறந்து கிடந்தார்கள், அவர்களுடைய காப்பிப் பாத்திரத்தில் ஒரு நியூட் வெந்து கிடந்தது என்று ஒரு கதை வழங்கிவந்தது. நிரூபணம் இல்லாத அக்கதையைக் கேட்ட எட்மண்ட் பிராடி என்னும் மாணவர், 1960-களில் நியூட்டின் தோலை அரைத்துப் பரிசோதித்து, விஷம் மெய்யே என்று காட்டினார். இதன் கலிபோர்னியச் சகோதர இனத்தின் முட்டைகளிலிருந்து எடுத்த விஷமும், ஜப்பானியர் அஞ்சிக்கொண்டே விரும்பி உண்ணும் பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சினும் ஒன்றே என்று 1964-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஹாரி மோஷர் குழுவினர் கண்டனர்.

இனி விஷயத்துக்கு வருவோம். சோடியம் அயனிகள் உயிரணுச் சவ்விலுள்ள நுண்ணிய வாசல்கள் வழியே உட்பாய்வதனால்தான் நரம்பிலும் தசையிலும் செய்தி ஓடுகிறது. அவ்வாசலைத் திருவிழாக் காலத்தில் பெருங்கதவைச் சாத்திவிட்டுத் திறந்துவைத்த திட்டிவாசலாகவும், சோடியத்தை ஒல்லியான பக்தர்களாகவும் பாவித்துக்கொள்ளுங்கள். டெட்ரோடோடாக்சின் என்பவர், நீட்டிய கை மட்டும் பக்தரின் பருமனும் மற்ற உடம்பு மகா ஸ்தூலமும் வாய்ந்த ஓர் ஆசாமி. கை உள்ளே நுழைய, உடம்பு வாசலில் சிக்க, அவர் நிலைக்கால்களின் குமிழ்களை இறுகப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறார். உள்ளே மணியடிக்க ஆளில்லை, சுவாமி புறப்பாடும் இல்லை. அதாவது, மூச்சுத் தசைகள் ஓய்ந்து மனிதன் மாள்கிறான். நியூட்டின் வாசல்களிலோ அந்தக் குமிழ்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. புரதத்தின் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் ஆசாமிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அவர் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறார். வாசகரின் கேள்விக்கு விடை இதுவே.

அதே தச்சுவேலை, நியூட்டை விழுங்கும் கார்ட்டர் பாம்பின் தசைகளிலும் தனியே நடந்திருக்கிறது என்பதுதான் என்னை மயக்கும் சங்கதி. ஆனால் குமிழைச் செதுக்கும்போது நிலையும் சற்றே ஆட்டங்கண்டுவிட, மெய்யான பக்தர்களும் தடுமாறித்தான் நுழைய வேண்டியிருக்கிறது. விஷத்தைத் தாங்கும் பாம்புகள் தாங்காத பாம்புகளைவிட மெதுவாக ஊர்வதைப் பிராடியும் அதே பெயருடைய அவர் மகனும் அளந்து காட்டினார்கள். (உவமையை இதற்குமேல் இழுத்தால் கோபுரமே சாய்ந்துவிடும்.) தன் சக்திக்கு மீறிய நியூட்டைக் கவ்விவிட்ட பாம்பு, சிறிது நேரம் வாயில் வைத்திருந்து உமிழ்ந்துவிடுவதும், உமிழப்பட்ட நியூட் உயிரோடு நடந்து போவதும் உண்டு.

நியூட்டும் பாம்பும் இப்படி ஒன்றையொன்று விஞ்சப் பார்ப்பதைப் பத்திரிகைகள் 'முடிவில்லாத ஆயுதப் போட்டி' என்று முழங்குகின்றன. 2008-ல் வெளியான ஆய்வோ, பார்த்த இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் பாம்புகள் எந்த நியூட்டின் விஷத்துக்கும் அசையாத அளவுக்கு முன்னேறிவிட்டதாகக் கூறுகிறது. அங்கெல்லாம் போட்டி ஒருதலையாக முடிந்துவிட்டது. வான்கூவர் தீவின் நியூட்டுகளிடமோ விஷம் வெகு சொற்பம். விஷத்தை அவை தாமே தயாரிக்கின்றனவா, தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரித்துக் கொடுக்கின்றனவா என்ற விவாதமும் இன்னும் ஓயவில்லை.

அக்காடுகளுக்குச் செல்லும் வாய்ப்புடையவர்களுக்கு ஒரு வார்த்தை: நியூட்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் ஒருவரும் சாவதில்லை, பிறகு கையை நன்றாகக் கழுவிவிட்டால் போதும். 1979-ல் ஓரிகானில் குடிபோதையிலிருந்த இளைஞர் ஒருவர் பந்தயத்துக்காக ஒரு நியூட்டை விழுங்கினார், அதனால் இறந்தார்.