மெஷின் வாங்கினால் போதுமா?

குறட்டை விடுகிறவரைப் பார்த்து "அசந்து தூங்குறார்" என்று சொல்வது நம் வழக்கம். அந்தக் குறட்டை சட்டென்று நின்று, சில நொடி கழித்துத் திணறலோடு மறுபடி கிளம்புகிறதா என்று கவனிக்க வேண்டும். அப்படியானால் அது ஸ்லீப் ஆப்னியா என்ற மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். இதில், தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. காலையில் இது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. ஆகவே டாக்டரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரும் கூடப் போவது நல்லது. பாதி நோய்க்கதை அவரிடம்தான் இருக்கிறது.

ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனையில், 10 நொடியாவது மூச்சு நிற்பதையும் குறைவதையும் எண்ணுவார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது. 30ஐத் தாண்டினால் கடுமையானது.

கடுமையானதற்கு முதல் சிகிச்சை சிபாப் மெஷின். மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியே காற்றை அழுத்தமாகச் செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்கு அறிவித்த உத்தி இது. நோயை அது குணப்படுத்துவதில்லை. மாட்டியிருக்கும் நேரம்வரைதான் பலன். சிக்கலும் அங்கேதான். ஏற்கெனவே இதய, மூளை ரத்தநாள நோய் உள்ள சுமார் 2,700 பேரிடம் நடந்து, 2016இல் வெளியான ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் சிபாப்பால் குறையவில்லை. பகல் தூக்கம் குறைந்தது. அவர்கள் மெஷினை மாட்டியதோ இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்!

மெஷின் பீரோவுக்குள் போவதற்குப் பெரும்பாலும் மாஸ்க்தான் காரணம். காற்று கசிந்தால் அளவை மாற்றிக் கேளுங்கள். வாய் உலர்ந்தால், காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் உதவும். அதில் உப்புத் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரே ஊற்றுங்கள். மூச்சு முட்டுகிற பயம் இருந்தால், பகலில் டிவி பார்க்கும்போது சிறிது நேரம் மாட்டிப் பழகலாம். கரண்ட் போகும் ஊரில் இன்வெர்ட்டர் இணைப்பும் தேவை.

லேசான நோய்க்கு, கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பல் கருவி சிலருக்குப் போதும். ஒருக்களித்துப் படுப்பதும், எடை கூடியவர்கள் அதைக் குறைப்பதும் பலருக்கு உதவும். மதுவும், டாக்டரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். வேறு எதற்காவது ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த நோயை முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெஷினையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.