வார்டுக்குள் முதலில் நுழைந்த டாக்டர்

2000 அக்டோபர். உகாண்டாவின் வடக்கே குலு நகரத்தை ஒட்டியுள்ள லாகோர் மருத்துவமனையிலிருந்து தலைநகர் கம்பாலாவுக்கு ஒரு போன். காய்ச்சலும் வாந்தியுமாக வருகிறவர்கள் ரத்தம் கசிந்து சாகிறார்கள்; அவர்களைப் பார்த்துக்கொண்ட நர்சிங் மாணவர்களும் அடுத்தடுத்து விழுகிறார்கள். போனை எடுத்தவர் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் மேத்யூ லுக்வியா. விடுப்பில் மக்கேரேரே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். 'படிப்பு முடியட்டும்' என்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உடனே கிளம்பிப் போய்விட்டார்.

போனதும் அவர் செய்த காரியம் வீர வசனம் பேசுவதல்ல. இறந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, ரத்தக்கசிவுக் காய்ச்சல்களுக்கான உலக சுகாதார நிறுவனக் கையேட்டோடு ஒப்பிட்டுப் படித்தார். ஆய்வகத்திலிருந்து 'எபோலா' என்று முடிவு வருவதற்குள் தனி வார்டு தயாராகிவிட்டது. அங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை, பிளீச்சிங் கரைசல். அந்த வார்டுக்கு விருப்பப்பட்டு வந்தவர்களோடு தானும் நின்றார்.

ஆபத்து அவருக்குப் புதிதல்ல. 1989இல் மருத்துவமனையில் இருந்தவர்களைக் கடத்திப்போகக் கிளர்ச்சியாளர்கள் வந்தபோது, 'அவர்களை விடுங்கள், என்னைக் கொண்டுபோங்கள்' என்று தானே முன்வந்து, காட்டில் பல நாள் பிணையாக இருந்து திரும்பியவர்.

அங்கியும் கையேடும் இருந்தும் ஊழியர்கள் இறந்தார்கள். நவம்பரில் நர்ஸ்கள் கூடி நின்று, இதற்கு மேல் முடியாது என்றார்கள். லுக்வியாவின் கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் கூட்டத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். வீட்டில் பிள்ளைகளை விட்டு வந்தவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் பயந்ததில் என்ன தப்பு? 'சேவை' என்று சொல்லி ஒருவரைச் சாவின் பக்கத்தில் நிறுத்த யாருக்கு உரிமை இருக்கிறது? லுக்வியா அவர்களைக் கோழைகள் என்று ஏசவில்லை. போகிறவர்கள் போகலாம், நான் இருப்பேன் என்ற பொருளில் பேசினார். பலர் திரும்ப வார்டுக்குப் போனார்கள். முதல் ஆளாக உள்ளே நுழைந்தவர் சொன்னதால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. ஏ.சி. அறையிலிருந்து வரும் சுற்றறிக்கைக்கு அந்தப் பலன் கிடைக்காது.

நவம்பர் 20, விடியும் முன். எபோலா தொற்றிய ஓர் ஆண் நர்ஸ் ரத்தம் கக்கியபடி கட்டிலிலிருந்து இறங்கித் தள்ளாடுகிறார். இரவுப் பணியில் இருந்தவர் தனியாகச் சமாளிக்க முடியாமல் டாக்டரை எழுப்பினார். அங்கியும் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஓடிய லுக்வியா, கண் கவசத்தை மட்டும் போடவில்லை. நோய் தொற்றி, டிசம்பர் 5 அன்று இறந்தார். தானே வகுத்த விதிகளின்படி, மூடி முத்திரையிட்ட பெட்டியில், மருத்துவமனை வளாகத்திலேயே அடக்கம்.

அந்தப் பரவலில் உகாண்டாவில் நோயுற்றோர் 425 பேர், இறந்தோர் 224. தனிமைப்படுத்தல் அவ்வளவு விரைவில் தொடங்கியிராவிட்டால் கணக்கு இன்னும் பெரிதாகியிருக்கும்.

குலுவைத் தாக்கியது எபோலாவின் சூடான் வகை. அதன் இன்னொரு வகையான ஜைருக்கு 2019இலேயே தடுப்பூசிக்கு அங்கீகாரம் கிடைத்தது. 2025 ஜனவரியில் சூடான் வகை மறுபடி கம்பாலாவில் தலைகாட்டியபோது, அதற்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி அப்போதும் இல்லை. முதலில் கண்டறியப்பட்ட நோயாளி ஓர் ஆண் நர்ஸ். அவர் பிழைக்கவில்லை.