இரவெல்லாம் விழித்திருக்கும் தேவாங்கு

மெலிந்த ஒருவரைக் கண்டால், "தேவாங்கு போல இருக்கிறான்" என்று கூறிச் சிரிப்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஆனால் தேவாங்கை நேரில் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வளரும் நம் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவின் கோலாவைப் படங்களில் கண்டு மகிழ்கின்றனர். யூகலிப்டஸ் இலைகளைத் தின்று, நாளின் பெரும்பகுதியை மரக்கிளையில் உறங்கிக் கழிக்கும் கோலா, காடழிப்பாலும் காட்டுத் தீயாலும் குறைந்துபோய், 2022-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கிழக்குப் பகுதிகளில் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. அதைப் போலவே மரத்தையே வீடாகக் கொண்ட சாதுவான பிராணியொன்று நம் தமிழகத்திலும் துன்புறுகிறது. அதுவே தேவாங்கு.

கோலா வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் இனம். தேவாங்கோ குரங்குகளும் மனிதரும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. ஒரு சாண் அல்லது சற்றுக் கூடுதலான நீளம், கால் கிலோ அளவே எடை, வால் இல்லை, குச்சி போன்ற கைகால்கள், முகத்தை நிறைக்கும் இரு பெரிய கண்கள். பகலில் புதர்களிலும் அடர்ந்த கிளைகளிலும் பந்து போலச் சுருண்டு, சில வேளைகளில் பல சேர்ந்து உறங்கும். இருள் சூழ்ந்ததும் ஓசையின்றிக் கிளைக்குக் கிளை நகர்ந்து வண்டு, எறும்பு முதலிய பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தாய் ஏறத்தாழ ஐந்தரை மாதம் கருவைச் சுமந்து, ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். குட்டி சற்று வளர்ந்ததும், அதை ஒரு கிளையில் பற்றிக்கொள்ளச் செய்துவிட்டு இரை தேடச் செல்லும் தாய், பின்னர் திரும்பி வந்து அழைத்துச் செல்லும்.

தேவாங்கு தாவிச் செல்வதில்லை. ஒரு கிளையை விடாமல் மறு கிளையைப் பற்றும். ஆகவே கிளையோடு கிளை தொட்டு நிற்கும் முட்காடும் உயிர்வேலியுமே அதற்குப் பாதை. அவற்றை வெட்டிவிட்டால் அது தரையில் இறங்க வேண்டும். சாலையில் வண்டிச் சக்கரத்தில் சிக்கும். மின்கம்பியைக் கிளையென்று பற்றி மடிவதும் உண்டு.

இவற்றினும் கொடியது மூடநம்பிக்கை. தேவாங்கின் உறுப்புகளில் மந்திர சக்தி இருப்பதாகவும், அதன் கண்ணீர் கண்நோய்க்கு மருந்தென்றும் நம்பி அதைப் பிடித்து வதைப்போர் உளர். கண் பெரிதாக இருப்பது இருளில் காண்பதற்கேயன்றிப் பிறர் கண்ணைக் குணப்படுத்துவதற்கு அன்று. ஆண்டவரில் நம்பிக்கை கொண்ட குடும்பங்களில் மாந்திரீகத்துக்கு இடமேது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேவாங்கு இடம்பெற்றுள்ளது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இதுவே. இது நமக்குப் பெருமைதான். எனினும் சரணாலய எல்லைக்கு வெளியே, வயல் ஓரங்களிலும் தோப்புகளிலும் வாழும் தேவாங்குகளைக் காக்க வேண்டியவர் அங்குள்ள மக்களே.

நம் பகுதியில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குத் தென் மாவட்டங்களில் சொந்த ஊரும் நிலமும் உண்டு. விடுமுறைக்கு அங்கே செல்லும்போது, உயிர்வேலியை அகற்றிவிட்டுக் கம்பிவேலி போட எண்ணும் உறவினரிடம் இதனை எடுத்துரைப்போம். தேவாங்கு பயிரைத் தின்பதில்லை. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. வழிதவறி வந்த தேவாங்கைக் கண்டால் தொடாமலும் துன்புறுத்தாமலும் வனத்துறையினருக்குத் தெரிவிப்போம். வேலியில் ஒரு மரத்தை வெட்டாது விடுவது நமக்குச் சிறு செயல். கிளையை நம்பி வாழும் அந்த எளிய உயிருக்கோ அதுவே வாழ்வு.