இரும்புக்கை மாயாவி: வாசகர் கருத்துகளும் மறுபதிப்பு விவாதமும்

இரும்புக்கை மாயாவி என்பது தமிழில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாசிக்கப்பட்டு வரும் ஒரு மாயச் சாகசச் சித்திரக்கதை வரிசை. பிரிட்டனில் உருவான இக்கதையைச் சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ் 1972-இல் தமிழுக்குக் கொண்டுவந்தது. மூலக்கதை 1970-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் தமிழில் அது மறுபதிப்புகளின் வழியாக இன்றும் தொடர்கிறது. அவ்வாறு தொடரக் காரணம் வாசகர்களே. ஆகவே இவ்வரிசையைப் பற்றிய வாசகர் கருத்துகள், அதன் தமிழ் வரலாற்றின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கவை.

கதையும் அதன் தோற்றமும்

இதன் மூலக்கதை, பிரிட்டனின் ஃபிளீட்வே நிறுவனம் 1962 அக்டோபர் மாதம் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் முதல் இதழ் முதலே வெளிவந்தது. தொடக்கத்தில் கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும் கதை எழுதினர். படங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

கதாநாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக எஃகுக் கை பொருத்தப்பட்டவன். மற்றொரு விபத்தில் உடலில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோக, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. அதன்பின் மறைய வேண்டும்போதெல்லாம் அவன் மின்சாரத்தைத் தன் உடலில் செலுத்திக்கொள்கிறான். சிறிது நேரத்தில் அதன் விளைவு நீங்கி உருவம் மீண்டும் வெளிப்படும்.

கிராண்டேல் தொடக்கத்தில் நல்லவன் அல்லன். கிடைத்த ஆற்றலைக் கொள்ளைக்கும் பழிவாங்கலுக்கும் பயன்படுத்துகிறான். பிறகே மனம் மாறி, நிழற்படை என்னும் இரகசிய உளவு அமைப்பில் சேர்ந்து குற்றவாளிகளை எதிர்க்கிறான். அப்போது அவனது இரும்புக்கையினுள் துப்பாக்கி, வானொலி முதலிய கருவிகளும் பொருத்தப்படுகின்றன.

தமிழில் வெளிவந்த வரலாறு

முத்து காமிக்ஸைச் சிவகாசியில் நிறுவியவர் மு. சௌந்திரபாண்டியன். தொடக்ககால ஆசிரியராக முல்லை தங்கராசன் பணியாற்றினார். நாள்காட்டியும் தீப்பெட்டி லேபிள்களும் அச்சாகும் ஊரில், அச்சகத் தொழிலின் துணையோடு இவ்விதழ் வளர்ந்தது. இதன் முதல் வெளியீட்டின் பெயரே ‘இரும்புக்கை மாயாவி’. தொடர்ந்து ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாம்புத் தீவு’, ‘கொள்ளைக்காரப் பிசாசு’, ‘நடுநிசிக் கள்வன்’, ‘இயந்திரத் தலை மனிதர்கள்’ எனப் பல மாயாவி கதைகள் வந்தன. லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகிய நாயகர்களும் இதே இதழின் வழியாகவே தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகமாயினர்.

1984-இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி முதலியோர் அதன் வழியே புகழ் பெற்றனர். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் முத்து காமிக்ஸும் விஜயனின் பொறுப்பில் வந்தது.

பெயர் பற்றிய கருத்துகள்

ஆங்கிலத் தலைப்பை அப்படியே மொழிபெயர்த்தால் ‘எஃகு நகம்’ என்று வரும். தமிழில் அது ‘இரும்புக்கை மாயாவி’ ஆனதை வாசகர்கள் ஒருமனதாகப் பாராட்டுவர். மாயாவி என்ற சொல் தமிழ்க் குழந்தைகள் முன்பே அறிந்தது. இராமாயணத்தில் வாலியோடு போரிட்டுக் குகைக்குள் ஓடி ஒளியும் அசுரனின் பெயர் அது. பாட்டி கதைகளில் உருமாறுபவனும் மறைபவனும் மாயாவியே. இலண்டன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒருவன் இந்த ஒரு சொல்லால் தமிழ்க் கதைமரபுக்குள் வந்து அமர்ந்துகொண்டான்.

இப்பெயரால் ஒரு குழப்பமும் நேர்ந்தது. அமெரிக்கரான லீ பால்க் படைத்த முகமூடி வீரரை முத்து காமிக்ஸ் ‘வேதாளர்’ என்றழைக்க, ராணி காமிக்ஸ் அவருக்கு ‘மாயாவி’ என்றே பெயரிட்டது. எனவே ‘மாயாவி கதை பிடிக்கும்’ என்று ஒருவர் சொன்னால், எந்த மாயாவி என்று கேட்க வேண்டியிருக்கும். முத்து காமிக்ஸில் வளர்ந்தவருக்கு இரும்புக்கையும், ராணி காமிக்ஸில் வளர்ந்தவருக்குக் கானகத்து முகமூடி வீரரும் நினைவுக்கு வருவர்.

விரும்புவோர் கூறும் காரணங்கள்

முதலாவது, ஆற்றலுக்கு இருக்கும் எல்லை. மாயாவியால் பறக்க முடியாது. அவன் மீது குண்டு பாயும். மின்சாரம் கிடைக்காவிட்டால் மறையவும் இயலாது. மறைந்தாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். பகைவன் கைக்குச் சிறிது இடப்புறம் குறிவைத்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் குறைபாடே ஒவ்வொரு பக்கத்திலும் பதற்றத்தை உண்டாக்குகிறது என்பது வாசகர் பலரின் கருத்து.

இரண்டாவது, திருந்திய குற்றவாளி என்னும் தன்மை. பள்ளிப் பாடநூலின் நீதிக்கதைகளில் நல்லவன் முதலிலிருந்தே நல்லவனாக இருப்பான். கிராண்டேல் அப்படியல்லன். ‘குற்றச் சக்கரவர்த்தி’யாகத் தொடங்கிப் பின்னர் நல்வழிக்கு வந்த ஸ்பைடரையும் இதே காரணத்துக்காகவே வாசகர்கள் விரும்பினர்.

மூன்றாவது, ஓவியம். பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் படங்களில் நிழலும் வெளிச்சமும் கூர்மையாகப் பிரிந்திருக்கும். காலியான அறையில் ஒரு கை மட்டும் கதவின் கைப்பிடியைத் திருப்பும் காட்சியை வண்ணமில்லாமலேயே அச்சமூட்டும்படி வரைந்தவர் அவர். பின்னாளில் வண்ணக் கதைகள் பெருகியபோதும், மாயாவிக்கு வண்ணம் தேவையில்லை என்று கூறிய வாசகர்கள் உண்டு.

மின்செருகியில் விரலை வைத்து மறையும் காட்சியைப் பார்த்துவிட்டு, தாங்களும் அவ்வாறு செய்ய நினைத்ததைப் பல வாசகர்கள் நடுவயதில் சிரிப்போடு நினைவுகூர்வர். பெற்றோர் சித்திரக்கதைகளைச் சந்தேகத்தோடு பார்த்ததற்கு இத்தகைய பயமும் ஒரு காரணம்.

குறை காண்போர் கூறுவன

அறிவியல் பொருத்தமின்மை முதற்குறை. உடல் மறைவதை ஏற்றுக்கொண்டாலும், உடையும் காலணியும் ஏன் மறைகின்றன என்ற கேள்விக்குக் கதையில் விடையில்லை. மாயக்கதைக்கு அவ்வளவு கணக்குப் பார்க்கலாகாது என்பது எதிர்த்தரப்பின் பதில்.

கூறியது கூறல் இரண்டாவது குறை. மூலக்கதை வாரந்தோறும் சில பக்கங்களாக வந்த தொடர். ஒவ்வொரு வாரமும் முன்கதையை நினைவூட்ட வேண்டும். முடிவில் ஓர் ஆபத்தில் நிறுத்தவும் வேண்டும். தமிழில் இத்தகைய கதையை ஒரே நூலாகப் படிக்கும்போது, சில பக்கங்களுக்கு ஒருமுறை நாயகன் சிக்கிக்கொள்வதும் தப்புவதும் செயற்கையாகத் தோன்றுகிறது. குறையைக் கதையாசிரியர் மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது. வெளியிடும் முறை மாறியதாலும் நேர்ந்தது அது.

பெண் பாத்திரங்களுக்கு இடமின்மை மூன்றாவது. 1960-களின் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்கள் ஆண்பிள்ளைகளுக்கென்றும் பெண்பிள்ளைகளுக்கென்றும் தனித்தனியே வெளிவந்தன. ‘வேலியண்ட்’ முதல் வகையைச் சேர்ந்தது. தமிழில் சகோதரிகளும் அதே நூலை வாங்கிப் படித்தனர். அவர்களுக்கு உரிய ஒரு பாத்திரம் அதில் இருக்கவில்லை.

வாசகர் கருத்தின் வலிமை: ஓர் ஒப்பீடு

வாசகர் கருத்து ஒரு தொடரின் வாழ்வைத் தீர்மானிப்பதற்கு உலகறிந்த சான்று ஜப்பானில் உள்ளது. 1968-இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் மாங்கா இதழ், வாசகர்களுக்குப் பிடித்த கதைகளைக் குறித்தனுப்ப அஞ்சலட்டை இணைப்பது வழக்கம். வாக்குக் குறைந்த தொடர்கள் விரைவில் நிறுத்தப்படும். அந்தப் போட்டியில் நிலைத்தே எயிச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ 1997 முதல் தொடர்கிறது. 2021-இல் அதன் நூறாவது தொகுதி வந்தது. அதன் தொகுதிகளில் வாசகர் கேள்விகளுக்கு ஓடாவே பதிலளிக்கும் பகுதியும் உண்டு.

தமிழ் வாசகரின் நிலை வேறு. மாயாவியின் கதை வேறொரு நாட்டில் எழுதி முடிக்கப்பட்டது. சிவகாசிக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் கதையின் போக்கை மாற்ற முடியாது. ஆனால் எதை அச்சிடுவது, எந்த அளவில் அச்சிடுவது, மறுபடியும் அச்சிடுவதா என்பவற்றில் வாசகரின் சொல்லுக்கு மதிப்புண்டு. அச்சாகும் பிரதிகள் குறைவு. வாசகரும் பதிப்பாளரும் ஒருவரையொருவர் அறிவர். எனவே சில நூறு வாசகர் ஒரு நூலைக் கேட்டால் அது கவனிக்கப்படும்.

‘இரத்தப் படலம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த இத்தொடரைத் தமிழில் இடைவெளிவிட்டுப் படித்த வாசகர்கள், முழுத் தொகுப்பாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டனர். அதன் விளைவாக 2010-இல் 18 பாகங்களும் ஒரே பெருநூலாகக் கறுப்பு வெள்ளையில் வந்தன. வண்ணத்தில் வேண்டும் என்ற அடுத்த கோரிக்கையும் முன்பதிவின் துணையோடு 2018-இல் நிறைவேறியது.

மறுபதிப்பு விவாதம்

2012-இல் லயன், முத்து வெளியீடுகள் பெரிய அளவிலும் வண்ணத்திலும் புதுப்பொலிவோடு வரத் தொடங்கின. பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியக் கதைகள் மிகுந்தன. அதையடுத்த ஆண்டுகளில் மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ கதைகளும் மறுபதிப்பாயின. வாசகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது இதைப் பற்றித்தான்.

மறுபதிப்பை ஆதரிப்போர், பழைய இதழ்கள் பழைய புத்தகக் கடைகளில் அரிதாகி, சேகரிப்பாளர்களிடம் பெரும் விலைக்குப் போவதைச் சுட்டுவர். சிறுவயதில் இரவல் வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்த கதையைச் சொந்தமாக வைத்துக்கொள்ள எளிய வாசகருக்கு வேறு வழியில்லை. மேலும், புதிய கதைகளைத் துணிந்து வெளியிடத் தேவையான முதலைப் பழைய நாயகர்களின் விற்பனையே ஈட்டித் தருகிறது என்பதும் அவர்கள் வாதம்.

எதிர்ப்போர் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஓராண்டில் வெளியிடக்கூடிய நூல்களின் எண்ணிக்கைக்கு எல்லையுண்டு. ஒரு மாயாவி மறுபதிப்பு வரும்போது, தமிழில் இதுவரை வராத ஒரு கதையின் இடம் போய்விடுகிறது. கேட்பவர்கள் எல்லாரும் நடுவயதினர். இன்றைய பத்து வயதுப் பிள்ளை கைப்பேசியில் ஜப்பானியச் சித்திரப்படங்களைப் பார்க்கிறது. 1962-ஆம் ஆண்டின் இரகசிய உளவாளி அதன் கண்ணில் படுவதில்லை. நினைவுக்காக மட்டும் அச்சிட்டால், நினைவு வைத்திருப்போரோடு காமிக்ஸும் முடிந்துவிடும் என்று இவர்கள் அஞ்சுகின்றனர்.

இவ்விரு தரப்புக்கும் இடையே மூன்றாவது கருத்து ஒன்றுண்டு. பழைய கதை என்பதால் மட்டும் பிள்ளைகள் ஒதுக்குவதில்லை. விக்கிரமாதித்தன் கதை எல்லாத் தலைமுறைக்கும் பழையதே. நூல் அவர்கள் கைக்கு எட்டும் விலையிலும், பள்ளி நூலகத்திலும், புத்தகத் திருவிழாவிலும் கிடைக்க வேண்டும். வீட்டிலிருக்கும் மூத்தவர் அதைப் பூட்டிவைக்காமல் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது இக்கருத்து.

இன்றைய நிலை

மாயாவியை ஈன்ற நாட்டில் அவன் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தான். பழைய ஃபிளீட்வே கதைகளின் உரிமையை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம், 2021-இல் தொடக்கக் கதைகளை நூலாகத் தொகுத்து வெளியிட்டது. மறுபதிப்பு வேண்டுமா என்று தமிழ் வாசகர்கள் பல்லாண்டு வாதிட்ட அதே கதைகள், அங்கே கண்டெடுத்த புதையலாக வரவேற்கப்பட்டன.

2022-இல் முத்து காமிக்ஸ் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தது. முதல் இதழைச் சிறுவராக வாங்கியவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளை உடையவர்கள். மறுபதிப்பைப் பற்றி அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், அந்த நூலை அடுத்து யார் படிப்பார்கள் என்ற கவலை இரு தரப்புக்கும் பொதுவானது.