மாறிலியை மாறாமல் வைத்திருப்பது யார்?

2015 ஜூன் மாதம். சேவை வரி 12.36 சதவீதத்தில் இருந்து 14 ஆனது. நான் அப்போ ஒரு ஜாவா பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வரி விகிதம் கான்ஸ்டன்ட்டாதான் இருக்கு, ஒரே இடத்துல மாத்தினா போதும்" என்று பெருமையாகச் சொல்லி, அந்த ஒரு கிளாஸை மட்டும் கம்பைல் பண்ணி சர்வரில் போட்டேன். திரையில் 14 என்று வந்தது. அச்சான பில்லிலோ அதே பழைய 12.36!

காரணம் புரிய ராத்திரி ஆகிவிட்டது. ஜாவாவில் 'ஸ்டேட்டிக் ஃபைனல்' என்று எழுதி எண்ணை நேரடியாகக் கொடுத்தால், அதைப் பயன்படுத்துகிற மற்ற கிளாஸ்களுக்குள்ளும் கம்பைலர் அந்த எண்ணையே பதித்து வைத்துவிடும். அவற்றையும் திரும்பக் கம்பைல் செய்யாதவரை பழைய எண்தான். கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. 'இது மாறாது' என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தது நான்தானே!

அன்றிலிருந்து எந்த மாறிலியைப் பார்த்தாலும், இதை மாறாமல் வைத்திருப்பது யார் என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டது.

பையை யாரும் வைத்திருக்கவில்லை. வில்லியம் ஷாங்க்ஸ் கையாலேயே கணக்குப் போட்டு 1873இல் 707 தசம இடங்கள் வரை வெளியிட்டார். 528ஆவது இடத்திலிருந்து தப்பு என்று 1940களில்தான் தெரிந்தது. எழுபது வருஷமாக அச்சில் இருந்த எண் தப்பானது. பை அப்படியேதான் இருந்தது.

பள்ளியில் 9.8 என்று மனப்பாடம் செய்த புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். பூமத்திய ரேகையில் சுமார் 9.78, துருவத்தில் 9.83.

ஒளியின் வேகம்தான் சுவாரஸ்யம். 1983 வரை அதை அளந்துகொண்டிருந்தோம். அந்த வருஷம் எடை, அளவைகளுக்கான சர்வதேச மாநாடு, ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458 பங்கில் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரமே மீட்டர் என்று வரையறுத்துவிட்டது. இனி எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்த எண் மாறாது, மீட்டரைத்தான் இன்னும் துல்லியமாகத் தெரிந்துகொள்வோம். வெற்றிடத்தில் ஒளி ஒரே வேகத்தில் போவது இயற்கை. அதற்கு இந்த எண் என்பது நம் ஒப்பந்தம்.

என் வரி விகிதமோ வெறும் அரசு அறிவிக்கை. அதே நவம்பரில் 14.5, அடுத்த ஜூனில் 15, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து சேவை வரியே போய்விட்டது.

இப்போது வரி விகிதங்களை எப்போதிலிருந்து எப்போது வரை என்ற தேதிகளோடு டேட்டாபேஸ் டேபிளில்தான் வைக்கிறேன். 2015 மே மாத பில்லை இன்று திறந்தாலும் 12.36தான் வரணும்.